கருப்பட்டிக் கஷாயமும் கடல் கடந்த தகப்பனும்

இந்நாட்டில் விருந்தினருக்குக் காப்பி கொடுப்பவர், கூடவே ஒரு பிஸ்கத்து டப்பாவைத் திறந்து நீட்டுகிறார். நாம் ஒன்றை எடுத்துக்கொண்டதும் டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார். இன்னொன்று வேண்டுமா என்று கேட்பதில்லை. வேண்டாம் என்று நாம் மறுக்கவும், மறுத்தபின் எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பே இல்லை. நெதர்லாந்தின் இந்தச் சிற்றூருக்கு வந்த புதிதில், அண்டை வீட்டு அம்மையார் அன்னெகெ அவ்வாறு டப்பாவை மூடியபோது என் முகம் வாடியது உண்மை. காஞ்சிபுரத்தில் இலையின் குறுக்கே கையை வைத்து மறித்தாலும், விரலிடுக்கில் ஒரு கரண்டி விழும். 'போதும்' என்ற சொல்லை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. இங்கே அச்சொல்லைச் சொல்லவே இடம் தருவதில்லை. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ள எனக்கு மூடிய டப்பா நன்மையே செய்தது என்பதைப் பின்னர் உணர்ந்தேன். ஆயினும், கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய அந்தக் கோடையில், என் மகள் கருவுற்ற வயிற்றோடு மூச்சுத் திணறிக் கிடந்தபோது, இந்த இரு வழக்கங்களின் மீதும் எனக்கு ஒருங்கே மூண்ட எரிச்சல் இன்னமும் தணிந்தபாடில்லை. ஊரில் இருப்போரும் என்னைப்போல் ஊரைவிட்டு வந்தோரும் அறியவேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரம் – வாலாஜாபாத் தடத்தில் பேருந்து நடத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பிறகு கற்றதெல்லாம் நாளிதழ்களிலும், ஞாயிறுதோறும் எங்கள் தேவாலயத்தில் வேதபாடம் வாசித்ததிலும்தான். என் மனைவி மறைந்தபின், இங்கே கணினித் துறையில் பணிபுரியும் மகன் டேவிட் என்னை அழைத்துக்கொண்டான். வாலாஜாபாத் வீட்டைப் பூட்டினேன். மகள் எஸ்தரைப் பெரிய காஞ்சிபுரத்தில் மணம் முடித்துக் கொடுத்திருந்ததால், அவளைப் பற்றிய கவலை அப்போது எனக்கில்லை. திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து அவள் கருவுற்றாள். ஆறாம் மாதப் பரிசோதனையில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பது தெரிந்தது. கர்ப்பத்தால் வந்த சர்க்கரை இது, பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் தணிந்துவிடும், ஆனால் அதுவரை உணவைக் கட்டுப்படுத்தி இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும் என்றார் மருத்துவர். முற்பாதியைக் குடும்பத்தார் அனைவரும் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். பிற்பாதியைக் கேட்டவன் நான் ஒருவன் மட்டுமே என்று சில சமயம் தோன்றும்.

வளைகாப்புக்குப் பின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். எஸ்தருக்குத் தாய் இல்லை. தாய்வீடு என்று ஒன்றிருந்தது, அதன் சாவி நெதர்லாந்தில் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஆகவே வளைகாப்பை மாமியார் வீட்டிலேயே நடத்தினார்கள். ஊரடங்கு வரப்போவதாகப் பேச்சு அடிபட்ட நாள்கள் அவை. வீட்டோடு முடித்துக்கொள்கிறோம் என்று சொன்னார்களேயொழிய, கைப்பேசித் திரையில் நான் கண்டது கூடம் கொள்ளாத பெண்கள் கூட்டம். செபம் செய்து, வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசியபின், ஒவ்வொருவராக வந்து சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் ஊட்டினார்கள். எஸ்தர் முகத்தைத் திருப்பினாள். "சக்கரை இருக்குது அத்தை, ஊசி போட்டுக்கினு இருக்கறேன்" என்றாள் மெல்ல. "ஒரு வாய்தானேடி! வாயும் வயிறுமா இருக்கறவ வாயைக் கட்டினா உள்ள இருக்கறது எதைத் தின்னும்?" என்றார் ஒருவர். கூடமே சிரித்தது. எல்லோருக்கும் அது ஒரு வாய்தான். அவளுக்கோ, வந்தவர் எத்தனை பேரோ அத்தனை வாய். நான் திரைக்கு இப்பாலிருந்து "போதும்மா, விட்டுடுங்க" என்று கத்தினேன். நான் வாழ்த்துச் சொல்வதாக எண்ணி, என்னைப் பார்த்து எல்லோரும் கையசைத்தார்கள்.

அடுத்த சில நாள்களில் மருமகன் பிரபுவுக்குக் காய்ச்சல் கண்டது. அவரைத் தொடர்ந்து எஸ்தருக்கு. பிரபு வேலை செய்யும் ஒரகடத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்ததா, வளைகாப்புக்கு வந்தவர்கள் கொண்டுவந்ததா என்பதை எவராலும் அறிய முடியவில்லை. அறியாமலே ஒருவரையொருவர் பழித்துக்கொண்டார்கள். பிரபுவுக்கு வீட்டிலேயே தணிந்தது. எஸ்தருக்கு இருமல் மார்பில் இறங்கிவிட்டது. கர்ப்பத்தோடு சர்க்கரையும் சேர்ந்த உடம்பில் இத்தொற்று மூர்க்கமாக நடந்துகொள்ளும் என்று நாளிதழில் படித்திருந்தேன். படித்ததை என் மகளின் மூச்சில் கேட்க நேரும் என்று எண்ணவில்லை. மாதந்தோறும் அவளைச் சோதித்துவந்த தனியார் பிரசவ விடுதி, தொற்று உறுதியானதும் வாசலிலேயே நிறுத்தியது. இன்னோரிடத்தில் கொரோனாவுக்குப் படுக்கை உண்டு, பிரசவத்துக்கு வசதி இல்லை என்றார்கள். பேருந்தில் நான் பணியாற்றிய காலத்தில், கர்ப்பிணி ஒருத்தி படியில் கால் வைத்தால் அவளை அமர்த்திய பின்னரே விசில் ஊதுவேன். எழுந்திருக்க மறுத்து உறங்குவதுபோல் நடிப்போரைத் தோளில் தட்டி எழுப்பியிருக்கிறேன். எத்தனையோ பெண்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்த நான், என் மகளுக்கு ஒரு படுக்கை கேட்டு அதட்டும் தொலைவில் இல்லாமல் போனேன். கடைசியில், வெளியூரில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் அவளைச் சேர்த்தார்கள்.

அங்கே இருந்தவர்களை நான் குறைகூற மாட்டேன். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து ஊற்ற, அவர்கள் ஓடியாடிப் பாடுபட்டதை மகள் கைப்பேசியில் காட்டினாள். ஆயினும், மூச்சைக் கவனிக்க ஒரு மருத்துவர் வந்தார், வயிற்றைக் கவனிக்க ஒரு மருத்துவர் வந்தார். இரண்டுக்கும் இடையிலிருந்த சர்க்கரை எவருக்கும் முதல் வேலையாக இருக்கவில்லை. மூச்சுக்காகப் போட்ட மருந்தே சர்க்கரையை ஏற்றக்கூடியது. சர்க்கரை ஏறினால் தொற்று வலுக்கும். தொற்று வலுத்தால் சர்க்கரை ஏறும். இதற்கு நடுவில், எதிர்ப்பாற்றலுக்காக எல்லா நோயாளிகளுக்கும் மாலையில் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் வழங்கினார்கள். யாரோ அன்போடு வகுத்த உணவு முறைதான் அது. என் மகளுக்கு மட்டும் அது ஆகாது என்று பிரித்துப் பார்க்க அந்த நெரிசலில் எவருக்கும் ஓய்விருக்கவில்லை. எஸ்தர் தன் பங்கை அடுத்த படுக்கைக்குக் கொடுத்துவந்தாள். அப்படியிருந்தும், இன்சுலினை ஏற்ற ஏற்றச் சர்க்கரை இறங்க மறுத்தது. இப்படியே போனால் நாள் நிறையும்வரை காத்திருக்க முடியாது, எட்டாம் மாதத்திலேயே பிள்ளையை எடுக்கவேண்டி வரும், மூச்சு இந்நிலையில் இருக்கும்போது அறுவை செய்வதும் ஆபத்து என்று மருத்துவர் பிரபுவிடம் தொலைபேசியில் சொன்னார்.

ஒரு நாள் எஸ்தர் படுக்கையில் இடப்புறமாகச் சாய்ந்தபடி என்னோடு பேசுகையில், அவள் தலைமாட்டில் ஒரு பிளாஸ்க் இருப்பதைக் கண்டேன். அதில் என்ன என்று கேட்டேன்.

"கஷாயம்ப்பா. சுக்கு, மிளகு, துளசி போட்டு அத்தை தினமும் காச்சி கேட்டுல குடுத்துட்டுப் போறாங்க."

"இனிப்பு எதுனா போடறாங்களா?"

"கருப்பட்டி மட்டும்தான்ப்பா. சக்கரை இல்லை." மூச்சு வாங்கியது. "நாலு வேளையும் குடிக்கச் சொல்லிக்கினு இருக்காங்க."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"கஷாயத்தைப் போயி யாருப்பா டாக்டருகிட்ட சொல்லுவாங்க?"

குடிக்காதே என்றேன். "குடிச்சியான்னு கேப்பாங்கப்பா. பொய் சொல்ல வரலை. வெயில்ல எடுத்துக்கினு வராங்கப்பா பாவம்" என்றாள். உடனே சம்பந்தியம்மாவை அழைத்தேன். அவர் பிரபுவின் தாயார். இளவயதில் கணவரை இழந்து, தனி ஒருத்தியாக மகனை ஆளாக்கியவர். என் மகளைத் தன் வயிற்றில் பிறந்தவள்போல் வைத்திருந்தவர். அதனாலேயே அந்த உரையாடல் எனக்கு மிகவும் கடினமாயிற்று.

"கருப்பட்டிண்ணா அது. சக்கரையா போட்டேன்? சக்கரைன்னா ஆலையில மருந்து கலந்து வெள்ளையாக்கறது. இது மரத்துல இறக்கினது."

"மரத்துல இறக்கினாலும் ரத்தத்துல போயி சக்கரையாத்தான் நிக்கும்மா. எனக்கு இருக்குதே, எனக்குத் தெரியாதா?"

"உங்களுது வேற, அவளுது வேற. உங்களுது சாவற வரைக்கும் கூட வரது. அவளுது புள்ளை பொறந்தா போயிடும்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. போவப்போற சக்கரைக்கு இவ்ளோ பயமா?"

"போவறதுக்குள்ள புள்ளையையும் தாயையும் கொண்டு போயிடும்மா!"

இவ்வாறு சொல்லியிருக்கக் கூடாது.  பிறகு சம்பந்தியம்மாவின் குரல் வேறாக வந்தது.

"நெஞ்சுல சளி கட்டிக்கினு மூச்சு விட முடியாம கெடக்குது அது. நான் பஸ்ஸு கூட இல்லாம ஆட்டோ புடிச்சிப் போயி, போலீஸ்காரன்கிட்ட பேச்சு வாங்கிக்கினு, கேட்டுல நின்னு குடுத்துட்டு வரேன். நீங்க அங்க குளுருல உக்காந்துக்கினு எனக்குச் சட்டம் சொல்றீங்க. ஒரு நாளு வந்து நில்லுங்கண்ணா. அப்புறம் சொல்லுங்க."

விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. நிற்கச் சொன்ன இடத்தில் போய் நிற்க எனக்கு வழியில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதே எனக்கு மேலும் சினமூட்டியது. தொலைவில் இருப்பவனுக்கு அறிவு இருக்கலாம், அக்கறை இருக்கலாம், அதிகாரம் இருப்பதில்லை. காசு அனுப்பினால் வாங்கிக்கொள்கிறார்கள், கருத்து அனுப்பினால் 'அவருக்கென்ன, அங்கே இருக்கிறார்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். புலம்பெயர்ந்தோர் அனைவரும் இந்த வாக்கியத்தை ஒரு முறையேனும் கேட்டிருப்பீர்கள்.

மறுநாள் காலை அன்னெகெ தம் தோட்டத்துக்குக் காப்பி அருந்த அழைத்தார். ஒன்றரை மீட்டர் இடைவெளி என்பதை இங்கே 'ஆண்டர்ஹால்வ மேட்டர்' என்பார்கள். நாற்காலிகளை அவ்வளவு தள்ளியே போட்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். "மருத்துவமனையில்தானே இருக்கிறாள்? அப்படியானால் நல்ல கைகளில் இருக்கிறாள். ருஸ்தக்" என்றார். அமைதியாய் இரு என்பது அதன் பொருள். இந்நாட்டில் தலைவலி என்று ஹௌஸார்ட்ஸ் எனப்படும் குடும்ப மருத்துவரிடம் சென்றாலும் முதல் மருந்து இந்தச் சொல்தான்.

"உங்கள் மகள் வளர்ந்த பெண். தனக்கு அந்தப் பானம் வேண்டாமென்று அந்த அம்மாளிடம் அவளே சொல்லலாமே?" என்று கேட்டார்.

"அவர் என் மகளின் மாமியார். தம் கையால் காய்ச்சி எடுத்து வருகிறார். வேண்டாமென்று சொன்னால் மனம் புண்படும்."

"புண்படட்டும். உயிரா, மனமா?" என்றவர், சற்று யோசித்து, "அந்த அம்மாளுக்கு உங்கள் மகளைப் பிடிக்காதோ?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சினம் வந்ததோ அறியேன். "பிடிக்காதவர் வெயிலில் நிற்பாரா? அவரைப்போல் ஒரு பெண்மணியை இந்தத் தெருவில் எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்!" என்று குரலை உயர்த்திவிட்டேன். அன்னெகெ திகைத்தார். முந்தைய நாள் எவரோடு சண்டையிட்டேனோ அவருக்காக இன்று சண்டையிடுகிறேன் என்பதை அவர் எவ்வாறு அறிவார்? காஞ்சிபுரத்தோடு பேசும்போது நான் வெளிநாட்டுக்காரனாகிவிடுகிறேன். இங்கே பேசும்போதோ காஞ்சிபுரத்துக்காரன். இரண்டு பேச்சிலும் நான் எதிர்க்கட்சிதான். மன்னிப்புக் கேட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். நான் இந்நாட்டுக்குப் புறப்பட்டபோது, குளிருக்கும் சளிக்கும் ஆகும் என்று சம்பந்தியம்மாவே கட்டிக்கொடுத்த கருப்பட்டி என்னிடம் மிச்சமிருந்தது. அவரைத் திரையில் அழைத்து, கஷாயத்துக்கு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். கோபம் தணியாத முகத்தோடு கையைக் குவித்து ஒரு பிடி அளவைக் காட்டினார். அவர் கண்முன்னே அவ்வளவையே தட்டிப் போட்டுக் காய்ச்சினேன். முதலில் விரலில் குத்தி, சர்க்கரைக் கருவியின் எண்ணை அவருக்குக் காட்டினேன். பின்னர் கஷாயத்தைக் குடித்தேன்.

"இன்னா பண்றீங்க? உங்களுக்கு ஆவாதுன்னு நீங்களே சொன்னீங்களே!" என்று அவர் பதறினார்.

"கருப்பட்டிதானேம்மா. சக்கரையா போட்டேன்?"

"அண்ணா, வெளையாடாதீங்க. டேவிட்டு எங்க? டேவிட்டைக் கூப்புடுங்க!"

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அழைத்து, மறுபடியும் குத்திக் காட்டினேன். எனக்குத் தலை சுற்றத் தொடங்கியிருந்தது. நாவும் வறண்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாததால் மருந்துச் சீட்டு, பேருந்து, விலைச்சீட்டு எல்லாவற்றையும் எண்களைக் கொண்டே அறியப் பழகியவர் அவர். திரையருகே கண்ணைக் கொண்டுவந்து கருவியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பவுமே ஏறறதுதான் இது" என்றார் கடைசியில். ஆனால் குரலில் உறுதி இல்லை. பிறகு, "மொதல்ல மாத்திரையைப் போடுங்க. படிச்சவரு மாதிரி பேசறீங்க, புத்தி இருக்குதா? உங்களுக்கு எதுனா ஆச்சுன்னா அந்தப் பொண்ணுக்கு நான் என்னான்னு பதில் சொல்லுவேன்?" என்று திட்டத் தொடங்கினார். டேவிட் மாலையில் அறிந்து அதைவிடக் கடுமையாகத் திட்டினான். இதை வேறெவரும் செய்து பார்க்கக் கூடாது. நான் செய்தது அறிவான செயல் என்று சொல்லவில்லை. கையும் காலும் கட்டுண்டவன் வேறெதைச் செய்வான் என்று மட்டுமே கேட்கிறேன்.

மறுநாளும் பிளாஸ்க் வந்தது. எஸ்தர் திறந்து குடித்துப் பார்த்து முகம் சுளித்தாள். "அத்தை இன்னைக்குக் கருப்பட்டி போட மறந்துட்டாங்க போல. ஒரே காரமா இருக்குதுப்பா" என்றாள்.  சம்பந்தியம்மா அதைப் பற்றி என்னிடம் இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. கஷாயம் மட்டும்தான் காரணம் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால், அதன்பின் இன்சுலினுக்குச் சர்க்கரை பணியத் தொடங்கியது. அறுவை செய்தால் தாங்குவாள் என்று மருத்துவர் துணியும் அளவுக்குப் பணிந்தது. மூச்சு மட்டும் மேலும் இளைத்தது. எட்டாம் மாதத்திலேயே பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை.

சர்க்கரை உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு, பிறந்தவுடன் சர்க்கரை தாழ்ந்துபோவது உண்டாம். குறைமாதமும் சேர்ந்ததால், முகத்தைத் தாய்க்குக் காட்டாமலே குழந்தையை வேறு கட்டடத்திலிருந்த பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். எஸ்தர் மயக்கம் தெளிந்து பிராணவாயு முகமூடியோடு கொரோனா பிரிவுக்குத் திரும்பினாள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதாலேயே அவள் நம்ப மறுத்தாள். பிள்ளை உயிரோடு இல்லை, தன்னிடம் மறைக்கிறார்கள் என்று எண்ணி முகமூடியை இழுத்து எறிந்தாள். உண்ண மறுத்தாள். இன்சுலின் போட்டபின் உண்ணாமலிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நான் அறிவேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், தாயும் சேயும் பிழைத்து வீடு வந்தார்கள். ஆயினும் அந்த முற்பகலில் அது எங்களில் எவருக்கும் தெரியாது.

அன்று என் கைப்பேசி ஒலித்தது. குழந்தைப் பிரிவின் வாசலில் காத்திருந்த சம்பந்தியம்மா. "கட் பண்ணிடாதீங்கண்ணா! நர்ஸம்மா ஒரே ஒருவாட்டி போனை உள்ள எடுத்துக்கினு போறாங்க. பாத்துக்குங்க" என்றார். திரை ஆடியது, கண்ணாடிப் பெட்டிக்குள் சிவந்த சிறு முகம் தெரிந்தது. அதே வேளையில், சாப்பாட்டு மேசைமீது டேவிட் வைத்துவிட்டுப் போன கைப்பேசியும் ஒலித்தது. என் எண் கிடைக்காததால் எஸ்தர் அதில் காணொளியில் அழைத்திருந்தாள். "பொய் சொல்லாதீங்கப்பா. எம்புள்ளையைப் பாத்தீங்களா, இல்லையா?" என்றாள். முகமூடியைத் தாண்டி வந்த குரல் அது. ஓர் அழைப்பை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்க நேரமில்லை. செவிலியர் மறுபடி கைப்பேசியை உள்ளே கொண்டுபோகமாட்டார். ஒரே அழைப்பில் பலரை இணைக்க வழியுண்டு என்று மகன் பின்னர் சொன்னான். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்.

இரண்டு கைப்பேசிகளையும் மேசைமேல் நிமிர்த்தி, ஒரு சாண் இடைவெளியில் முகத்துக்கு முகம் திருப்பிவைத்துப் பிடித்துக்கொண்டேன். "எஸ்தரும் பாக்கறாம்மா!" என்று வாசலில் இருந்த சம்பந்தியம்மாவுக்குக் கேட்கும்படி கத்தினேன். ஒரு பக்கத்திலிருந்து பிராணவாயுவின் இரைச்சல் கேட்டது, மறுபக்கத்திலிருந்து ஏதோ கருவியின் விட்டுவிட்ட ஒலி. தொலைவில் வாசலிலிருந்து சம்பந்தியம்மா, "எஸ்தரு, பாத்தியாமா? உன் மூக்குதான் அப்படியே" என்று கத்துவது கேட்டது. "பாத்துக்கினு இருக்கறேன் அத்தை" என்றாள் மகள். ஒரே மருத்துவமனையின் இரு கட்டடங்களில் இருந்த தாயும் சேயும், நெதர்லாந்தில் ஒரு சாப்பாட்டு மேசைமீது முதன்முதலாகச் சந்தித்தார்கள். கை சற்று அசைந்தாலும் ஒருவருக்கொருவர் மறைந்துபோவார்களென்று நான் மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒருவரையொருவர் கண்ட அந்நேரம் முழுவதும், நான் கண்டது இரண்டு கைப்பேசிகளின் முதுகை மட்டுமே.